நல்ல தண்ணி இருக்கும் இடம்

அத்தியாயம் பதினொன்று

'ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற மாதிரி ஒரு நிமிஷம் நடித்தாவது இருக்கலாம். நானும் யோசிக்கிற மாதிரி நடித்துவிட்டுத் தலையை ஆட்டியிருப்பேனோ என்னவோ. இல்லை, ஆட்டியிருக்க மாட்டேன். அது அவருக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.'

மாரிசெல்வி தோசையைத் திருப்பினாள். ஓரம் கருகியிருந்தது. கருகினதைத் தன் தட்டில் போட்டுக்கொள்ளும் வழக்கத்தில் கை தானாக அந்தப் பக்கம் போனது. பாதியில் நிறுத்தினாள். அந்தத் தோசையைப் பகலவனின் தட்டில் வைத்தாள்.

பன்னிரண்டு வருஷக் கல்யாணத்தில் தான் நடத்திய மிகப் பெரிய போராட்டம் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தாள். சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததே என்று கோபம் இன்னும் கூடியது.

உப்பு டப்பாவில் சாய்ந்தபடி நின்றிருந்தது அந்த அழைப்பிதழ். நேற்று மாலை, பகலவனின் அண்ணி மீனம்மாள் கொண்டுவந்து கொடுத்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். 'மாரிசெல்வி ஸ்டீம் லாண்டரி. வெள்ளிக்கிழமை காலை 9.15 மணிக்கு மேல் 10.15 மணிக்குள். இடம்: சின்னப்பையன் காம்ப்ளெக்ஸ், பெங்களூரு நெடுஞ்சாலை, இருங்காட்டுக்கோட்டை அருகில். தங்கள் நல்வரவை விரும்பும் சின்னப்பையன், பகலவன்.'

அவள் பெயரில் அவள் கடை. அது எங்கே இருக்கிறது என்பதை, பகலவனின் ஊரான மண்ணூரில் எல்லாரும் படித்த பிறகு, அவளும் படித்துத் தெரிந்துகொண்டாள்.

வேலை தேடித் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இறங்கியபோது அவளுக்கு இருபது வயது. பன்னிரண்டு வருஷம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் நின்றாள். பிறகு ஒரு பெண்கள் ஹாஸ்டலில் வார்டன். லாண்டரி யோசனை அங்கேதான் பிறந்தது.

ஹாஸ்டலில் அறைக்கு எட்டுப் பெண்கள். மொட்டை மாடியில் இரண்டே கொடிகள். கம்பெனி ஒருத்திக்குக் கொடுப்பது இரண்டு செட் யூனிஃபார்ம், ஏறக்குறைய வெள்ளை. ஐப்பசி மழையில் பாதி ஈரத்தோடு மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். கிடைத்த தண்ணீரிலெல்லாம் அலசி அலசி அந்த வெள்ளை மஞ்சளாகும். மஞ்சள் சட்டையோடு போனவளை லைனில் சூப்பர்வைசர் எல்லார் எதிரிலும் கேட்பான், "குளிக்கற பழக்கம் உண்டா இல்லியா?" என்று.

அதைக் கேட்டுவிட்டு வந்து அழுத பெண்களிடம் சொல்ல, வார்டனாக அவளுக்கு ஒன்றும் இருந்ததில்லை. ஒரு ஷிஃப்ட் முடிவதற்குள் துவைத்து, உலர்த்தி, மடித்துக் கொடுக்க ஓர் இடம் இருந்தால்? பி.எஃப். பணம் வங்கியில் சும்மாதானே கிடக்கிறது?

வீட்டில் முதலில் யாருக்கும் பிடிக்கவில்லை. "ஊரான் அழுக்க நம்ம வூட்டுப் பொம்பள தொவைக்கறதா? அது நம்ம வேலையா?" என்றவர் பகலவனின் அண்ணன் சின்னப்பையன்தான். காலம் காலமாக அந்த வேலையைச் செய்து வந்தவர்கள் யார் காதிலாவது இது விழுந்துவிடக் கூடாதே என்று அவள் அன்று கூசிப்போனாள். அப்புறம் அவருடைய கடை காம்ப்ளெக்ஸுக்கு இரண்டு வருஷமாக வாடகைக்கு ஆள் வரவில்லை. அதே அழுக்கு இப்போது ஸ்டீம் லாண்டரி.

"ஏங்க," என்றாள், பகலவன் எதிரில் உட்கார்ந்து. மகள் கவியா பள்ளிக்குப் போய்விட்டாள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். "ஒங்க அண்ணன்கிட்ட எப்போ சரின்னு சொன்னீங்க?"

பகலவன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். இன்று வெள்ளிக்கிழமை, கடைத் திறப்புக்காக லீவு. கருகல் பக்கம் கீழே போகும்படி தோசையைத் திருப்பிவிட்டுப் பிய்த்தான்.

"சரின்னுலாம் சொல்லல மாரி. அவுரு கேட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லாததுக்கா கார்டு அடிச்சாவ?"

"அவுராண்ட நான் இன்னா சொல்ல முடியும்? நைனா சாவும்போது எனக்கு ஒம்போது வயசு. அவுருதான் தோள்ல போட்டுகினு திரிஞ்சாரு. லைசென்ஸ் எடுத்துக் குடுத்தது அவுரு. நம்ம கல்யாணத்துக்கு உங்க ஊருக்கு மூணு வாட்டி பஸ் ஏறினது அவுரு."

"நல்ல மனுசர்தான். யாரு இல்லன்னா? அதுக்கு நீங்க ஆயுசுக்கும் அவருக்குச் செய்ங்க. என் கடையை எடுத்துக் குடுக்கதுக்கு நீங்க யாரு?"

"இப்ப இன்னா எடுத்துக் குடுத்துட்டன்? உன் பேர்லதான கீது?"

"பேரு என்னுது. எடம்?"

அவன் தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தான்.

"அந்தத் தண்ணி எப்படிப்பட்டதுன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?"

தெரியும். இந்த வீட்டில் அது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

கடைக்கு இடம் பார்ப்பதென்றால் எல்லாரும் ரோட்டைப் பார்த்தார்கள். அவள் தண்ணீரைப் பார்த்தாள். யூனிஃபார்ம் துணியில் ஒரு மீட்டர் வாங்கி, உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிக்கொண்டாள். நான்கு மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், 'இடம் வாடகைக்கு' என்று எங்கெல்லாம் எழுதியிருந்ததோ அங்கெல்லாம் ஒரு வாளியோடு போய் நின்றாள். "இன்னாம்மா, வாடகைக்குக் கேட்டியா, குளிக்கக் கேட்டியா?" என்று ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும். எல்லா இடத்திலும் ஒரே சோப்பு. எல்லாத் துண்டுக்கும் பத்து அலசல். காய்ந்த துண்டை நோட்டுப் புத்தகத்தில் குண்டூசியால் குத்தி, கீழே ஊர், தெரு, கிணறா போரா என்று எழுதி வைத்தாள்.

சில இடத்தில் சோப்பு நுரைக்கவே இல்லை. சில இடத்தில் துணி அட்டை மாதிரி விறைத்தது. சின்னப்பையன் காம்ப்ளெக்ஸ் போரில் வந்ததுதான் எல்லாவற்றையும்விட மோசம். வாளியில் விழும்போது பளிங்கு. நிற்க நிற்கச் செம்மை இறங்கும். துணி காய்ந்தபோது டீ கொட்டியது போல இருந்தது. அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்த பகலவன், "ஐயையோ" என்றான். அப்புறம், "அண்ணனாண்ட காட்டாத மாரி. மனசு ஒடைஞ்சிடுவாரு" என்றான்.

அவள் காட்டவில்லை. அந்த மரியாதைக்குத்தான் இன்று இந்தக் கார்டு.

எழுந்து போய் பீரோவைத் திறந்து நோட்டை எடுத்தாள். இன்று காட்டியே தீர்வது என்று பக்கங்களைத் தள்ளினாள். இருங்காட்டுக்கோட்டைக்கு முந்தின பக்கம் இருந்தது. பிந்தின பக்கமும் இருந்தது. நடுவில் நூல் தையலோடு ஒட்டிக்கொண்டு ஒரு கிழிசல் விளிம்பு.

"எங்க அது?"

"எது?"

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

பகலவன் தட்டிலேயே கையைக் கழுவினான். "கீச்சிட்டன்."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. வந்திருந்தால் அவனுக்குச் சுலபமாகியிருக்கும். பக்கத்தில் வந்து தோளைத் தொட்டிருப்பான்.

"அண்ணன் நெலத்தக் குடுத்துட்டு வந்த பணத்துல கட்டினது மாரி," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "பத்து ஷட்டர். ஒரு கடைகூட வரல. டீக்கடையில குந்தினா எல்லாம் நக்கல் அடிக்கிறானுங்க. ஒரு கடை தெறந்தா நாலு கடை வரும்ன்றாரு. அந்த ஒரு கடை நம்மள்தா இருக்கட்டுமே. அட்ஜஸ்ட் பண்ணிக்க முடியாதா?"

லைனில் அவள் தரப் பரிசோதனையில் இருந்தவள். ஒரு பீஸை ஒதுக்கினால் சிவப்புச் சீட்டு ஒட்டி, எதற்காக ஒதுக்கினாள் என்று அதில் எழுத வேண்டும். காரணம் எழுதாமல் ஒதுக்கினால் அது செல்லாது. சூப்பர்வைசரே ஒதுக்கியிருந்தாலும் திரும்பி வரும். அவளுடைய நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கியவன், பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அட்ஜஸ்ட் பண்ணிக்க முடியாதா என்கிறான். அந்தத் தண்ணீரின் இரும்புக் கறைக்குக்கூட இருக்கிற பிடிவாதம் தனக்கு மட்டும் இருக்கக் கூடாதா?

"நான் மெர்சியைக் கூட்டிக்கிட்டு வாரேன். நீங்க போங்க," என்றாள்.

"வருவ இல்ல?"

"வருவேன்."

அந்த ஒரு சொல்லில் அவன் முகம் தெளிந்ததைப் பார்த்தபோதுதான் அவளால் உண்மையிலேயே பொறுக்க முடியவில்லை.

மெர்சி தெருமுனையில் காத்திருந்தாள். ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். கடையில் இஸ்திரி, மடிப்பு, கணக்கு எல்லாம் மெர்சி என்று ஏற்பாடு. அழைப்பிதழை அவளும் பார்த்திருந்தாள். ஸ்கூட்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"இன்னாடி இது? ராஜம்மா எடம்னுதான சொன்ன? நான் சர்ச்சுல எல்லாருக்கும் சொல்லி வெச்சிட்டன். இப்ப ஹைவே மேலன்னு போட்டுகீது."

"முதல்ல ராஜம்மா வீட்டுக்குப் போவோம்."

"ஒம்போதாவுது. அங்க பூஜை?"

"அங்க என் தலை தெரியாம ஆரம்பிக்க மாட்டாவ."

வல்லம் வடகால் பக்கம், ஹாஸ்டல்களுக்குப் பின்னால் போகிற சந்தில் இருந்தது ராஜம்மாவின் இடம். சுற்றி எல்லாம் தொழிற்சாலைச் சுவர்கள். நடுவில் எப்படியோ மிஞ்சிவிட்ட ஒரு வீடும், மாடுகளை விற்றதால் காலியான ஒரு நீளக் கொட்டகையும், ஒரு பழைய கிணறும். நாற்பது அடிக் கிணறு. அந்தத் தண்ணீரில் அலசிய துண்டு மட்டும்தான் கடையில் வாங்கியபோது இருந்த வெள்ளையிலேயே இருந்தது. அதைப் பார்த்த அன்று, பெண் பார்த்து முடித்துவிட்ட மாப்பிள்ளை வீட்டார் மாதிரி இரண்டு பேரும் ஸ்கூட்டியில் பாடிக்கொண்டே திரும்பினார்கள்.

ராஜம்மா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். தலை நிமிரவில்லை.

"இன்னாம்மா, இன்னாத்துக்கு வந்த? வாணாம்னு சொல்லி அனுப்பிட்டு?"

மாரிசெல்வி ஸ்கூட்டியை நிறுத்தக்கூட இல்லை. "யாரு சொன்னா வேண்டாம்னு?"

"உன் வூட்டுக்காரருதான். புதங்கெழம காலைல. கம்பெனி பஸ்ஸ சந்து மொனைல நிறுத்திட்டு எறங்கி வந்தாரு. பஸ்ஸுல இருக்கற பொண்ணுங்கலாம் பாக்குது, பின்னாடி லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான். 'மாரிக்கு மனசு மாறிட்சுங்க, வேற எடம் பார்த்துட்டா'ன்னாரு."

"உனக்கு மனசு மாறினது உனக்கே தெரியாதாடி?" என்று மெர்சி அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "எனக்கும் வாட்ஸப்புல வரலியே!"

யாரும் சிரிக்கவில்லை. மெர்சியும்தான்.

'கிழித்தது பயத்தில்,' என்று வரும் வழியெல்லாம் அவள் அவனுக்காக ஒரு சமாதானம் தேடிக்கொண்டு வந்திருந்தாள். அண்ணன் கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயம். சின்ன வயசுப் பயம். அது அவளுக்குப் புரியக்கூட செய்தது. ஆனால் ஷிஃப்டுக்குப் போகிற பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி நடந்து வந்து, இந்த வாசலில் நின்று, அவள் மனசைப் பற்றி அவன் பேசியிருக்கிறான். அதற்குப் பயம் போதாது. துணிச்சல் வேண்டும். பகலவனுக்குத் துணிச்சல் உண்டு. அவளுக்கு எதிராக மட்டும் உண்டு.

"எனக்கு மனசு மாறல ராஜம்மாக்கா. எனக்கு இந்த எடம்தான் வேணும்."

ராஜம்மா இப்போதுதான் நிமிர்ந்தாள். "அத்த நீ முன்னாடியே வந்து சொல்லிருக்கணும். நேத்து சிலிண்டர் குடோன் வைக்கறவன் வந்து பார்த்துட்டுப் போனான். இன்னிக்கு நாலு மணிக்கு வரன்னு கீறான். எனக்கு அவனும் ஒண்ணுதான், நீயும் ஒண்ணுதான். நீ வந்தா கெணறு கெடாது, அவ்ளோதான்."

"நாலு மணிக்கு முன்னால வாரேன்."

"நீ வந்தா பத்தாது. உன் வூட்டுக்காரரக் கூட்டினு வா. அவுரு வாயால வாணாம்னாரு. அவுரு வாயாலயே வேணும்னு சொல்லட்டும். நாளைக்கு ஒருத்தர் ஒண்ணு சொல்லி, இன்னொருத்தர் ஒண்ணு சொல்லி, நடுவுல நான் நிக்க மாட்டன்."

"பணம் என்னுது. கடை என்னுது. சொல்லுறதும் நான்தான."

"எல்லாம் உன்னுதுதாம்மா," என்றாள் ராஜம்மா, கோபமில்லாமல். "ஆனா வந்து பேசிட்டுப் போனது அவுரு."

ஸ்கூட்டி திரும்பியது. ஒரு கன்டெய்னர் லாரி அவர்களைத் தாண்டிப் போன பிறகு, "இப்ப எங்க?" என்றாள் மெர்சி.

"காம்ப்ளெக்ஸுக்கு."

"எதுக்குடி? நேரா வூட்டுக்குப் போலாம். ஃபோன ஆஃப் பண்ணிட்டுப் படுத்துக்கோ. என்னிக்காவது லீவு போட்டிருக்கியா நீ?"

"வருவேன்னு சொல்லிட்டேன்."

சொன்ன சொல்லுக்காக மட்டும் இல்லை. வீட்டில் இருந்துகொண்டு வராமல் போனால், உடம்பு சரியில்லை என்று மீனம்மாள் சொல்லிவிடுவாள். அவளுக்குப் பதிலாக வேறு யாராவது நின்று எல்லாம் நடந்துவிடும். பிறகு அது நடந்ததாகவே ஆகிவிடும்.

நெடுஞ்சாலைக்கு மேல், தூரத்திலிருந்தே ஒரு பேனர் தெரிந்தது. சின்னப்பையன் இரண்டு கையையும் கூப்பியபடி ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள் மாரிசெல்வி. ஆதார் அட்டையில் இருக்கிற படம்.

"கடை உன்னுதா? இல்ல அவுரு எலெக்‌ஷனுக்கு நிக்கறாரா?" என்றாள் மெர்சி.

பத்து ஷட்டர்களில் ஒன்பது மூடிக் கிடந்தன. பத்தாவதில் மாவிலையும் பூச்சரமும். உள்ளே முப்பது பேர் இருப்பார்கள். மண்ணூர்ச் சொந்தங்கள். சின்னப்பையன் வெள்ளைச் சட்டையில் ஓடி வந்தார்.

"வாம்மா மாரி! ஓனரம்மா இல்லாம எப்டி? மணி ஒம்போதே முக்கால். பத்தேகாலுக்குள்ள முடிக்கணும். பத்தரைக்கு ராகு காலம் வந்துரும். எப்டி கீது பாரு எடம்! ரோட்டு மேல. பெங்களூரு போறவன் கண்ணுலலாம் படும்."

"பெங்களூரு போறவரு இங்க சட்டை துவைக்க நிப்பாரா அத்தான்?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள்.

கணவனின் அண்ணனை அவள் ஊர் வழக்கப்படி அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். இங்கே மாமா என்பார்கள். வந்த புதிதில் அதைக் கேட்டுச் சிரித்த அவர், பிறகு அதில் ஒரு பெருமையே கண்டுவிட்டார். "அத்தான்னு சொல்லிகினே குத்துற பாரு," என்றார் இப்போதும் சிரித்து. "கம்பெனிப் பொண்ணுங்க வரும்மா."

"ஹாஸ்டல் அந்தப் பக்கம். நடுவுல ஆறு வழி ரோடு. துணி மூட்டையைத் தூக்கிக்கிட்டு எப்படித் தாண்டுவாங்க?"

"ஒரு குட்டி வண்டி விட்டுக்கலாம். அதெல்லாம் ஒரு மேட்டரா?"

"தண்ணி?"

சின்னப்பையன் நெஞ்சை நிமிர்த்தினார். இதற்காகவே காத்திருந்தவர் போல ஒரு செம்பை எடுத்துக் குழாயைத் திறந்து பிடித்தார். தண்ணீர் வெயிலில் மின்னியது. செம்பை அவள் கண்ணெதிரே தூக்கிக் காட்டினார்.

"பார்த்துக்க. நானூறு அடி. கண்ணாடி மாறி கீது. எவனும் கொற சொல்ல முடியாது."

"வரும்போது அப்படித்தான் இருக்கும் அத்தான். நின்னா நெறம் மாறும். துணி காய்ஞ்சா செம்மண்ணு மாதிரி ஆயிரும். ரெண்டு மாசம் முன்னாடி நான் இங்க அலசிப் பார்த்தேன்."

அவர் கை அப்படியே நின்றது. அவளைப் பார்த்தார். அப்புறம், வாசலில் பூச்சரத்தைச் சரிசெய்துகொண்டிருந்த தம்பியைப் பார்த்தார்.

"இன்னாடா சொல்றா இவ? நீதான டெஸ்ட் பண்ணன்ன? மாரியே பார்த்துட்டு நல்லா கீதுன்னு சொல்லிட்டான்னியே?"

பகலவன் பூச்சரத்தை விடவில்லை. பூ ஒவ்வொன்றாக அவன் விரலில் உதிர்ந்தது.

சின்னப்பையன் அதிர்ந்துதான் போனார். அது நடிப்பில்லை. இத்தனை நாளும் தன்னை மதிக்காமல் செய்தவர் என்று அவள் இவர்மேல் அடைத்து வைத்திருந்த கோபம், சட்டென்று போக இடம் தெரியாமல் நின்றது. இவர் அவளைக் கேட்கவில்லைதான். ஆனால் கேட்டதாக நம்பியிருக்கிறார். அவள் சரி என்றதாக நம்பிக் கார்டு அடித்திருக்கிறார், ஆதார் படத்தை வட்டத்துக்குள் போட்டிருக்கிறார். அவள் வாயைக் கடன் வாங்கி இரண்டு வாசலில் இரண்டு விதமாகப் பேசியவன் ஒருவன்தான். அவன் அவள் கையால் சாப்பிடுகிறவன்.

"சொல்லுங்க," என்றாள் அவனிடம். குரல் உயரவில்லை. "நான் அப்படிச் சொன்னேனா?"

"மாரி... வூட்ல போய்ப் பேசலாம்."

"வீட்டுல பேசினதுதான் இங்க வந்து நிக்குது."

மீனம்மாள் நடுவில் வந்தாள். இடுப்பில் புதுப் பால் குண்டான். "தண்ணி நல்லா கீதோ இல்லியோ, அத்த அப்பறம் பார்த்துக்கலாம். நேரம் போவுது. வந்தவங்க வாயப் பார்த்துகினு நிக்கறாங்க. மாரி, நீ வா இப்டி. பாலக் காய்ச்சு."

நடுக்கூடத்தில் மூன்று செங்கல் வைத்து, சுள்ளி அடுக்கி, மேலே குண்டானை வைத்தார்கள். புது இடத்தில் முதல் பால் பொங்க வேண்டும். பொங்கிய இடம் குடியேறிய இடம். தொழிலென்றால் தொழில் செய்கிறவர் கையால். அதை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. அவள் ஊரிலும் அப்படித்தான்.

சின்னப்பையன் அவள் பக்கத்தில் வந்தார். செம்பு இன்னும் கையில் இருந்தது. யாருக்கும் கேட்காத குரலில் பேசினார். அவரை அப்படி அடங்கிய குரலில் அவள் கேட்டதே இல்லை.

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. தண்ணிக்கு மெஷின் இருந்தா வாங்கிப் போட்டுத் தரன். இல்லன்னா ஒரு மாசம் பார்த்துட்டு நீ எங்க வேணா போ. இன்னிக்கு மட்டும் பாலக் காய்ச்சிடு. எல்லாம் வந்துட்டாங்க. அந்த டீக்கடைக்காரன்கூட வந்து குந்திகீறான் பாரு. என் மானம் உன் கையில கீதும்மா."

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். நெல் விளைந்த மண்ணைக் கொடுத்துவிட்டு ஷட்டர் போட்டுக்கொண்ட முகம். இரக்கம் வந்தது. வந்ததை அவள் மறுக்கவில்லை. இந்த இரக்கத்தை நம்பித்தான் எல்லாரும் அவளைக் கேட்காமல் இருக்கிறார்கள் என்பதும் கூடவே தெரிந்தது. அவள் சரி என்றுவிடுவாள். முப்பது பேர் எதிரில் ஒரு பெரிய மனிதரைத் தலைகுனிய விடமாட்டாள். பால் பொங்கும், எல்லாரும் குலவை போடுவார்கள். ஒரு மாசம் ஒரு வருஷமாகும். ஏதாவது ஒரு ஹாஸ்டல் பெண், இங்கே துவைத்து மஞ்சளான சட்டையோடு லைனில் நின்று, குளிக்கிற பழக்கம் உண்டா என்று கேட்கப்படுவாள். அந்தச் சட்டையின் கழுத்துப்பட்டியில் மாரிசெல்வி என்று சீட்டு தைத்திருக்கும்.

இன்று மட்டும் என்று எதையும் காய்ச்ச முடியாது.

பகலவன் வாசலிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாட்டேன் என்று சொல்லிவிடாதே என்று அவன் கண் கெஞ்சியது. இதே கண்தான் மாலை நாலு மணிக்கு ராஜம்மா வாசலில் வந்து நிற்க வேண்டும். நிற்குமா? அவளுக்குத் தெரியவில்லை.

"பத்து மணி ஆயிட்சு," என்றாள் மீனம்மாள். தீப்பெட்டியைத் திறந்து, ஒரு குச்சியைப் பாதி வெளியே எடுத்து, அவள் முன்னால் நீட்டினாள். "இந்தா. பத்த வை."

மாரிசெல்வி கையை நீட்டவில்லை. அடுப்புக்கு எதிரே போட்டிருந்த மணையிலும் உட்காரவில்லை. மெர்சி பின்னால் வந்து நின்றதை உணர்ந்தாள், ஆனால் திரும்பவில்லை.

"இல்லக்கா," என்றாள். "இங்க நான் பால் காய்ச்ச மாட்டேன்."